முப்பத்தெட்டு டிகிரி

சனிக்கிழமை இரவு பத்தரைக்குத் தீயைத் தணித்து
சூளையை என்னிடம் கொடுத்தார்கள்.
ஞாயிறு காலை ஆறுக்குத் திருப்பித் தர வேண்டும்.
சனி இரவு, ஏழரை மணி நேரம்.
கணக்குப் போட்டுப் பார்த்து சீரங்கன் சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை.

கருப்பூர் தாண்டி, வெள்ளைக்கல் வெட்டிய குழிகளின் ஓரம்.
கண்ட்ரோல் ரூம் கண்ணாடியில் வெள்ளை,
கீபோர்டின் பல்லிடுக்கில் வெள்ளை.
பழைய கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினால்
மாவு மில்லில் வளர்ந்த பிள்ளை மாதிரி இருந்தது.
பதினாறு வருஷமாக அணைத்ததே இல்லையாம்.
அணைத்தால் எழாது என்ற பயம்தான்,
வேறொன்றுமில்லை.

புதிய பதிப்பு என் பையில்.
பழைய திரையை ஒருபக்கம் கொடுத்தால்
மறுபக்கம் புதிய திரை வரும்,
கரும்பு போட்டால் சாறு வருவதுபோல.
சக்கையைப் பற்றிப் பேச்சில்லை.

ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு டேக்.
ஆயிரத்து நானூற்றுப் பத்து தேறியது.
மீதி இரண்டைக் காலையில் பார்க்கலாம் என்று
கையில் எழுதிக்கொண்டேன்.

முதலில் எழுத்துகள் போயின.
யாரோ அந்தக் காலத்து ஃபான்டில் தட்டிவைத்த தமிழ்
இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாய்ச் சிதறிக் கிடந்தது.
சீரங்கன் திரையைப் பார்க்காமலே சொன்னார்,
இடது மூலையிலிருந்து,
கண்டக்டர் ஸ்டாப்பிங் சொல்வதுபோல:
உறிஞ்சு விசிறி, எண்ணெய்ப் பம்ப், தூசிப் பை,
அஸ்தம்பட்டி.
நான் விழித்திருக்கிறேனா என்று பார்க்கத்தான் அது.
நான் அதையும் தட்டியிருந்தேன்.

பிறகு நிறம்.
இப்போதைய விதிப்படி திரை முழுக்கச் சாம்பல்.
ஓடுகிற மோட்டார் சாம்பல்,
நின்ற மோட்டார் கொஞ்சம் அடர்ந்த சாம்பல்.
சிவப்பு ஆபத்துக்கு மட்டும்.
பழைய திரையில் சூளைக்குள்
நாலு ஆரஞ்சு நாக்கு ஆடிக்கொண்டிருக்கும்.
அழித்துவிட்டேன்.
“எழவு வீடு மாதிரி இருக்குதுங்க மேடம்.
எரியுதா இல்லையான்னு எதைப் பாத்துச் சொல்றது?”
எண்ணைப் பார்த்து, என்றேன்.

எண்ணைப் பார்த்தார்.

மணி மூன்று நாற்பது.
இரண்டாம் மண்டலம்: ஆயிரத்து நூற்றிரண்டு.
“இல்ல” என்றார்.
பழைய திரையில் ஆயிரத்து நூற்று நாற்பது.
ஒரே கம்பி, இரண்டு திரை, இரண்டு எண்.

கம்பியை இழுத்துப் பார்த்து, கார்டை மாற்றி,
பி.எல்.சி.யைச் சந்தேகித்து,
என் படிப்பைச் சந்தேகித்து,
கடைசியில் பழைய திரைக்குள் இறங்கினேன்.
ஆரஞ்சு நாக்குகளுக்கு அடியில்
பின்னணியின் நிறத்திலேயே ஒரு சின்னப் பெட்டி.
உள்ளே ஒரே வரி:
வந்ததோடு முப்பத்தெட்டைக் கூட்டு.
காரணம் இல்லை, தேதி இல்லை, ஆள் பெயர் இல்லை.
தேறாத இரண்டில் ஒன்று இது.
மற்றது எது என்று இன்றுவரை தெரியாது.

“லைனிங் மாத்தினப்ப அந்த வெப்பமானி
செங்கல்லுக்குப் பின்னால போயிருச்சுங்க.
கொறச்சுத்தான் காட்டும்.
அது பொய் சொல்லும்னு எங்களுக்குத் தெரியுமே.”

உங்களுக்குத் தெரியும்.
புதியது கம்பி சொன்னதை அப்படியே நம்பி
நேர்மையாகத் தப்புச் சொல்கிறது.

வெப்பமானியை மாற்றலாம். சூளை ஆற இரண்டு நாள்.
எம்.டி.யைக் கூப்பிட்டால் என்ன சொல்வார் என்று
இருவருக்கும் தெரிந்ததால் கூப்பிடவில்லை.
ஜன்னலுக்கு வெளியே சேர்வராயன் மலையில்
ஒற்றை வண்டியின் விளக்கு ஏறிக்கொண்டிருந்தது,
வளைவில் காணாமல் போய்
எதிர்பார்க்காத உயரத்தில் திரும்ப வந்து.

முப்பத்தெட்டைக் கூட்டினேன்.
இந்த முறை மறைக்காமல்,
எண்ணுக்குப் பக்கத்தில், கறுப்பில்:
கூட்டல் முப்பத்தெட்டு.
மானி செங்கல்லுக்குப் பின்னால்.
சொன்னவர் சீரங்கன், தட்டியது ரெஹானா.
தன் பெயரை எடுக்கச் சொன்னார்.
ஆடிட்டுக்கு வருகிறவர்கள் தன்னைத்தான் பிடிப்பார்களாம்.
எடுத்தேன்.

ஆறு மணிக்குத் தீ ஏறியது.
பையை மூடும்போது பின்னால் வந்து நின்றார்.
“அந்த நாக்கு... நாலும் வேணாம். ஒண்ணு?”

ஒன்று வைத்தேன்.
விதிக்கு உட்பட்டு, சாம்பல் நிறத்தில்.
ஆடுகிறது.